நாலு புள்ளி ரெண்டு

நகராட்சிப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பதினாறு வருடமாகப் போர்டக்காதான். ஊரில் உள்ள ‘நிறுத்தாதே’, ‘முந்தாதே’, ‘ஒலி எழுப்பாதே’ எல்லாம் அவள் கைபட்டவை. வீட்டில் அம்மாவிடம்கூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் ஊர் முழுக்க இப்படி அதட்டிக்கொண்டிருக்கிறாளே என்று பட்டறை ஸ்டோர்காரர் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த ‘தே’யை வெட்டி ஒட்டுவாள்.

வேலை அக்காள் புருஷன் வாங்கிக் கொடுத்தது. அத்தான் அப்போது போக்குவரத்துப் பிரிவில் எழுத்தர். இப்போது அதே பிரிவுக்குக் கண்காணிப்பாளர். நாலு பேர் எதிரில் அவள் அவரை ‘சார்’ என்பாள், கதவு சாத்தியிருந்தால் ‘அத்தான்’. அக்கா மட்டும் அந்த வேலையை மறக்க விட்டதில்லை. “அன்னிக்கு அவர் மட்டும் இல்லேன்னா...” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிடுவாள். முடித்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

ஊருக்கு நடுவில் ஒரு குன்று. அதைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதை நானூறு மீட்டர் நீளம். அதற்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்பதற்கு நகராட்சியில் துணைவிதிகள் உண்டு. கைவண்டி கூடாது, எரிவாயு ஏற்றிய லாரி கூடாது, 4.2 மீட்டருக்கு மேல் உயரமான எதுவும் கூடாது. இந்த 4.2 மட்டும் இரண்டு வாசலிலும் சிவப்பு வட்டத்துக்குள் கறுப்பு எண்ணாகத் தொங்கும். புகை படிந்து மங்கிப் போகும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவள் போய்ப் புதுப்பித்துவிட்டு வருவாள்.

அந்தத் தடவை ஏணியிலிருந்து இறங்கும்போது நடைபாதை விளிம்பு கண்ணில் பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கல்லின் மேல் ஏற முழங்காலை மடக்க வேண்டியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது ரோடும் கல்லும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. கல் இறங்கவில்லை. ரோடுதான் ஏறியிருந்தது. ஒன்பது வருடத்தில் மூன்று முறை புதுத் தார் போட்டார்கள், பழையதைச் சுரண்டாமல் மேலேயே.

“அந்த அளவுக் கம்பத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்” என்றாள் ஸ்டோர்காரரிடம்.

“எதுக்கு? சுரங்கம் வளந்துடுச்சான்னு பாக்கவா?”

“குட்டையாயிடுச்சான்னு.”

உள்ளே வளைவில் கூரைக்குக் குறுக்கே ஒரு கான்கிரீட் விட்டம் ஓடியது. சுரங்கத்திலேயே தாழ்வான இடம் அதுதான். கட்டிய காலத்தில் அதன் கீழே 4.4 மீட்டர் இருந்ததாகப் பழைய வரைபடத்தில் பார்த்திருக்கிறாள். ஸ்டோர்காரர் கம்பத்தின் அடியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏணியில் நின்று மேல் நுனியைத் தட்டிப் பார்த்தாள். 4.08. நம்பாமல் இன்னும் இரண்டு முறை அளந்தாள். அதே 4.08. 4.2 வரைக்கும் வரலாம் என்று வெளியே தன் கையாலேயே எழுதி வைத்து, லாரிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக்கொண்டு அத்தான் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அத்தான், சுரங்கத்துல உயரம் கொறஞ்சிடுச்சு. நாலு புள்ளி பூஜ்யம் எட்டுதான் இருக்கு.”

“உன்னை யாரு அளக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. கண்ணுல பட்டுச்சு, அளந்தேன்.”

அவர் தாளை வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “இங்க பாரும்மா. போர்டுல என்ன இருக்கணும்னு துணைவிதி அட்டவணையில இருக்கு. அதைப் பாத்து எழுதறதுதான் உன் வேலை. சுரங்கத்தைப் பாத்து எழுதறது இல்ல.”

“லாரி அட்டவணைக்குள்ள போகலையே அத்தான். சுரங்கத்துக்குள்ளதானே போகுது.”

“வாய் நல்லா வளந்துடுச்சு உனக்கு” என்று சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அளவை மாற்றவேண்டுமென்றால் நகர்மன்றத்தில் தீர்மானம் வேண்டும், அரசிதழில் வரவேண்டும், ஆட்சேபத்துக்கு முப்பது நாள் விடவேண்டும். “நான் பாத்துக்கறேன். நீ போ.” தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டார். பதிவேட்டில் ஏற்றி எண் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அத்தானிடம் கொடுத்ததற்கு எதற்கு எண்?

அவர் சொல்லாத ஒன்றும் இருந்தது. அளவைக் குறைத்தால் ஏன் குறைந்தது என்று முதல் கேள்வி வரும். ‘பழைய தார் சுரண்டி அகற்றப்பட்டது’ என்ற சான்றிதழ்கள் மூன்றிலும் அவர் கையெழுத்து இருந்தது. வாசல் வரை வந்தபோதுதான் அது அவள் மண்டையில் உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்கவில்லை.

இரண்டு வாரம் காத்திருந்தாள். பஸ்ஸில் போகும்போதும் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும் அந்த விட்டம் தலைக்கு மேலேயே இருந்தது. பதினாறாம் நாள் காலையில் கறுப்புத் தாளில் 3.9 என்று இரண்டு ஜோடி வெட்டினாள். யாரிடமும் சொல்லாமல் போய் இரண்டு வாசலிலும் பழைய எண்ணை உரித்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிவிட்டு வந்தாள். வாழ்க்கையில் அவள் தன்னிஷ்டத்துக்குச் செய்த காரியங்களைச் சொல்லச் சொன்னால், அதை விட்டால் வேறொன்று சொல்ல அவளுக்கு யோசிக்கவேண்டியிருக்கும்.

மூன்று நாள் சுரங்க வாசலில் ஒரே கூத்து. உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப இடமில்லாமல் பின்னுக்கு நகர்ந்தன. குன்றைச் சுற்றிப் போனால் பதினெட்டு கிலோமீட்டர். மொத்த வியாபாரிகள் கூட்டமாகப் போய் நகராட்சித் தலைவர் அறை வாசலில் நின்றார்கள். நேற்று வரைக்கும் போன லாரி இன்றைக்கு ஏன் போகக் கூடாது, ராத்திரியோடு ராத்திரியாக மலை உட்கார்ந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து வாசலில் விட்ட செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்க அக்காவுடையது.

“ஏண்டி, உனக்கு என்ன வந்துச்சு? யாரைக் கேட்டு மாத்தினே?”

“உள்ள இடிக்கும்க்கா. அளந்து பாத்தேன்.”

“இத்தனை வருஷமா இடிச்சுதா?”

“இனிமே இடிக்கும்.”

“உனக்கென்ன, தனிக்கட்டை. நாளைக்கு வேலை போச்சுன்னா ரெண்டு பேர் சோத்துக்கு நாங்க போடுவோம். எங்களுக்கு யாரு போடுவா? அவருக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. இப்ப விசாரணைன்னு ஒண்ணு வந்தா பென்ஷன் மொத்தமும் நின்னுடும். அதைத்தான் நீ ஆசைப்படறியா?”

உள் அறைக் கட்டிலிலிருந்து அம்மா, “அவ சொல்றதைக் கேளேன்டி” என்றாள். என்ன விஷயம் என்று அம்மாவுக்குத் தெரியாது. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள்.

அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஆறு மாசம் டைம் குடு. தீர்மானம் வெக்கறேன், முறைப்படி குறைக்கறேன். என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுத்தில் கொடுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காள் புருஷனிடம் எப்படிக் கேட்பது? மறுநாள் காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் 3.9ஐ உரித்துவிட்டு 4.2ஐ ஒட்டினாள். அவசரத்தில் ஒரு வாசலில் 2 மட்டும் சற்றே சாய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் இறங்கி வந்தாள். பின்னால் காத்திருந்த லாரிக்காரன் ஒருவன் சந்தோஷமாக ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே போனான். அவன் வண்டி அவ்வளவு உயரமில்லை, தப்பித்துப் போனது.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஒன்பது மணி வாக்கில், இரும்பு அலமாரி ஏற்றிய ஒரு லாரி போனது. கிளம்பும்போது ஓட்டுநர் டேப் பிடித்துச் சரக்கை அளந்திருக்கிறார். 4.15. வாசலில் போர்டைப் பார்த்திருக்கிறார், வேகத்தையும் குறைத்திருக்கிறார். வளைவில் மேல் வரிசை அலமாரிகள் விட்டத்தில் மோதின. கட்டியிருந்த கயிறு அறுந்தது. வண்டி இழுபட்டுச் சுவரில் சாய்ந்ததில் ஓட்டுநரின் இடது கால் நசுங்கிப்போனது. பின்னால் சரிந்த ஓர் அலமாரி ஸ்கூட்டரில் வந்த பள்ளிக்கூட ஆசிரியை மேல் விழுந்தது. அந்த அம்மாள் அங்கேயே போய்விட்டாள்.

பட்டறைக்குச் செய்தி வந்தபோது அவள் ‘மெதுவாகச் செல்’ வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, ஆனாலும் கழுவிக்கொண்டே நின்றாள். ஸ்டோர்காரர் வந்து குழாயை மூடினார்.

இடிபாடுகளை அகற்ற என்று சொல்லிச் சுரங்கத்தை ஐந்து நாள் மூடினார்கள். மூன்றாம் நாள் பட்டறை முற்றத்தில் டிப்பர் டிப்பராக எதையோ கொண்டுவந்து கொட்டினார்கள். அவள் போய்ப் பார்த்தாள். தார்க் கட்டிகள். ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தனித்தனியாகத் தெரிந்தது. அடுக்குக்கு நடுவில் பழைய ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு ஒரு சாண் நீளத்துக்கு அழியாமல் இருந்தது. ஒன்பது வருடமாகச் சுரண்டாததை மூன்றே நாளில் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

பிரிவு அலுவலகத்துக்கு நேராகப் போனாள். கதவைச் சாத்தவில்லை. சார் என்றும் சொல்லவில்லை.

“ரோட்டைச் சுரண்டிட்டீங்களா?”

“மெதுவாப் பேசு.”

“ஒரு உசிரு போனப்புறம் சுரண்டறீங்களே அத்தான்.”

அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். “நீ கேட்டது இதுதானே? உள்ள எடம் கொறஞ்சிடுச்சுன்னு சொன்னே. இப்ப சரியாயிடுச்சு. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதோட விடு.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நல்லது செய்துவிட்டவர் மாதிரி பேசினார்.

அடுத்த வாரம் ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஆஸ்பத்திரிக் கூடத்தில் தூங்கியெழுந்த சேலை, கையில் எக்ஸ்ரே உறை.

“போர்டு எழுதறது நீங்கதானா?”

“ஆமா.”

“நான் அந்த லாரி டிரைவர் வீட்டுக்காரி. அவரைக் கேஸுல சேத்துட்டாங்க. போர்டைப் பாக்காம போனாராம். அவரு பாத்தேன்னு சொல்றாரு. ஒரு பக்கம் ரெண்டு சாஞ்சிருந்துச்சுன்னு கூடச் சொல்றாரு. மயக்க மருந்து தெளியறப்பவும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. உண்மையா அக்கா? சாஞ்சிருக்கா?”

“சாஞ்சிருக்கு” என்றாள் போர்டக்கா.

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். புருஷன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த நிம்மதியில் அழுகிறாள் என்று இவளுக்குப் புரிய நேரமாயிற்று. அளந்தது, தாள் எழுதிக் கொடுத்தது, எண்ணை மாற்றியது, திரும்ப மாற்றியது எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிட்டிருக்கவேண்டும். பாதியைத்தான் சொன்னாள். உள்ளே இடம் குறைவாக இருந்தது, அளந்தேன், விசாரணையில் வந்து சொல்கிறேன் என்றாள். எண்ணை மாற்றித் திரும்ப மாற்றியதைச் சொல்லவில்லை.

“மறக்காம வந்துடுங்க அக்கா” என்று அந்தப் பெண் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை நகர்மன்றக் கூடத்திலேயே நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி. வலது பக்கம் அத்தான், கோப்புகளோடு. முந்தின இரவு அக்கா போனில், “நீ எங்களுக்கு ஒண்ணும் செய்யவேண்டாம். வாயை மட்டும் மூடிக்கோ” என்றிருந்தாள்.

போர்டக்கா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அளந்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடவில்லை. நடுவில் ஓர் இடத்தில் நாக்குப் புரண்டது.

“அத்தான்கிட்ட அன்னிக்கே தாள் குடுத்தேன்.”

“யாரு அத்தான்?” என்றார் அதிகாரி.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் கை காட்டினாள். அத்தான் குனிந்து கோப்பைப் புரட்டினார்.

“அந்தத் தாளுக்குப் பதிவு எண் என்ன?”

“எண் இல்லைங்க. கையில குடுத்தேன்.”

“போர்டைத் திரும்ப மாத்தச் சொல்லி உத்தரவு?”

“வாயால சொன்னாங்க. வீட்டுக்கு வந்து.”

“யாரும் சொல்லாமலே முதல் தடவை மாத்தினீங்க, இல்லையா?”

“ஆமா.”

“அப்போ ரெண்டாம் தடவையும் அப்படி நடந்திருக்கலாம்.”

ஸ்டோர்காரரைக் கூப்பிட்டார்கள். கம்பத்தைப் பிடித்தது உண்மை என்றார். எவ்வளவு என்று பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, “நான் அடியைப் பிடிச்சிட்டிருந்தேனுங்க. நம்பர் மேல இருந்துச்சு. நான் எங்கங்க பாத்தேன்?” என்றார். அவள் பக்கமே திரும்பாமல் நடந்து போனார். அவருக்கும் அடுத்த வருடம் ஓய்வு.

பட்டறை முற்றத்தில் எடுத்து வைத்திருந்த தார்க் கட்டியை அவள் கைப்பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். மூன்று அடுக்கு, நடுவில் வெள்ளைக் கோடு. அதிகாரி அதைத் தொடாமல் பார்த்தார். இது எந்த ரோட்டில் எடுத்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் கட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

பிறகு எல்லோரும் ஜீப்பில் ஏறிச் சுரங்கத்துக்குப் போனார்கள். லேசர் கருவி வைத்து விட்டத்தின் கீழே அளந்தார்கள். 4.38. அதிகாரி உரக்கப் படித்து எழுத்தரை எழுதிக்கொள்ளச் சொன்னார். போர்டில் உள்ளதைவிடப் பதினெட்டு சென்டிமீட்டர் கூடவே இருக்கிறது. அப்படியானால் இடித்த லாரி 4.38ஐத் தாண்டித்தான் இருந்திருக்கவேண்டும். நசுங்கிய லாரியை இனி அளக்க முடியாது. ஓட்டுநர் டேப் பிடித்ததைப் பார்த்த சாட்சியும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியது. புதுத் தார் காலுக்குக் கீழே பளபளவென்று, இன்னும் வாசனை போகாமல் இருந்தது. அந்த வாசனை அங்கிருந்த அத்தனை பேர் மூக்கிலும்தான் ஏறியிருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. ஓட்டுநர் அளவுக்கு மீறிய உயரத்தில் சரக்கேற்றி ஓர் உயிர்ச் சேதத்துக்குக் காரணமாக இருந்தார். அறிவிப்புப் பலகையின் எண் துணைவிதிப்படி சரியாகவே இருந்தது. பட்டறை ஊழியர் ஒருவர் அனுமதியின்றி அந்த எண்ணை மாற்றிப் பொதுப் போக்குவரத்துக்கு மூன்று நாள் இடையூறு செய்தது கண்டிக்கத்தக்கது. கடைசிப் பத்தியில் சுரங்கத்தின் ‘சிறந்த பராமரிப்பு’க்காகப் போக்குவரத்துப் பிரிவைப் பாராட்டி ஒரு வரி.

ஓட்டுநருக்குக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உரிமம் ரத்தாயிற்று. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. அவளைப் பூங்காப் பிரிவுக்கு மாற்றினார்கள். ‘பூப் பறிக்காதே’, ‘புல்லில் நடக்காதே’ எழுதுகிற வேலை. அக்கா வீட்டுக்கு அவள் போவதில்லை, அக்காவும் வருவதில்லை. அம்மாவின் மருந்து தீர்ந்துவிட்டதா என்று மட்டும் வாரம் ஒரு முறை போன் வரும். இருக்கு என்பாள். சரி என்று வைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் ஓட்டுநரின் மனைவி பூங்காவுக்கு வந்தாள். அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இவளுடைய வாக்குமூலம் வேண்டுமாம், வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். எத்தனை வருடம் ஆகுமென்று அவருக்கே தெரியாதாம். மரத்தடிப் பெஞ்சில் வைத்து நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

“நீங்க ஒட்டின மூணு புள்ளி ஒன்பதுதான் சரின்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் மாத்துனீங்க?”

அக்கா பென்ஷன் என்றாள், அத்தான் டைம் கேட்டார், அம்மா சொன்னாள் என்று காரணங்கள் வரிசையாக வாயில் வந்து நின்றன. ஒற்றைக் காலோடு வீட்டில் படுத்திருக்கிற மனுஷனுக்கும் செத்துப்போன அந்த ஆசிரியைக்கும் எதிரில் வைத்துப் பார்க்க, ஒன்றுகூடச் சொல்லும்படியாக இல்லை.

“வீட்டுல சொன்னாங்க” என்றாள்.

திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அந்தப் பெண் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.